கேட்பதற்கு ஆள் எங்கே?

வணக்கம். சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள். ஒரு மனநல ஆலோசனை மையம் எப்படி வளர்கிறது என்று பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் ஒரே ஒரு மையத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில், வட கரோலைனா மாநிலத்தின் டர்ஹம் நகரில் இருக்கும் 'எல் ஃபுதுரோ'. ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஆலோசனை தரும் மையம்.

முதலில் அந்த மாநிலத்தைப் பார்ப்போம். 1990 கணக்கெடுப்பின்படி அங்கே இருந்த லத்தீனோ மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள், 76,726 பேர். 2000இல் 3,78,963. பத்தே வருடத்தில் ஏறக்குறைய ஐந்து மடங்கு! லாஸ் ஏஞ்சலஸிலோ நியூயார்க்கிலோ போய் இறங்கினால், முன்பே வந்து வேரூன்றிய சொந்தபந்தம் இருக்கும். இங்கே அப்படி யாரும் இல்லை. கோழி இறைச்சி ஆலை, கட்டட வேலை, புகையிலை வயல் என்று கூப்பிட்ட வேலைக்கு வந்தார்கள். சைலர் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். கோழி ஆலைகளை நம்பிப் பிழைத்த ஊர். 2000இல் அங்கே பத்துக்கு நான்கு பேர் லத்தீனோக்கள். அதே வருடம் பிப்ரவரியில், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் முன்னாள் தலைவர் டேவிட் டியூக் அங்கே வந்து, குடியேறிகளுக்கு எதிராகக் கூட்டம் போட்டுப் பேசினார்.

இந்தச் சூழலில் வாழ்கிறவர்களின் மனதில் என்னவெல்லாம் இருக்கும்? எல்லை தாண்ட வாங்கிய கடன். ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த குழந்தை. பல வருடம் கழித்து அந்தக் குழந்தை வந்து சேரும்போது, பெற்ற தாயையே யாரோ போலப் பார்க்கும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அரசு மையத்துக்குப் போகலாமே என்பீர்கள். 2001இல் வட கரோலைனா மனநலத் துறையில் ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தார்கள். அதுவரை நேரடியாகச் சிகிச்சை தந்துவந்த உள்ளூர் அரசு அமைப்புகள் அந்த வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். தனியார் முதலில் கேட்பது காப்பீடு. குடியேற்ற ஆவணம் இல்லாதவருக்கு அவசரச் சிகிச்சை தவிர, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் கிடையாது. சரி, கதவு சாத்தியாகிவிட்டது.

அதே 2001இல்தான் லூக் ஸ்மித் என்ற மனநல மருத்துவரும், ஸ்பானிய மொழியில் சிகிச்சை தரத் தெரிந்த சிலரும் ஒன்றுகூடித் தன்னார்வமாக வேலையை ஆரம்பித்தார்கள். 2004இல் அது லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவானது. டர்ஹமில் ஒரு பழைய கடைவளாகத்தில் இடம். எனக்கு அது பிடித்திருக்கிறது. கடைக்குப் போகிற மாதிரி போகலாம், மனநல மையத்துக்குத்தான் போகிறார் என்று யாரும் விரல் நீட்ட மாட்டார்கள். அப்புறம், சைலர் சிட்டியிலும் ஒரு கிளை வந்தது.

ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். காய்ச்சலுக்குப் போதும். கணவன் அடிப்பதைச் சொல்ல வந்த பெண்ணுக்கு, பத்து வயது மகனே மொழிபெயர்ப்பாளன் என்றால் அவள் வாய் திறப்பாளா? பயிற்சி பெற்றவரே உட்கார்ந்தாலும் அறையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார் அல்லவா!

1973இல் நியூயார்க்கில் லூயிஸ் மார்கோஸ் குழுவினர், ஸ்பானிய மொழி பேசும் அதே நோயாளிகளை இரண்டு மொழியிலும் பேட்டி எடுத்தார்கள். ஆங்கிலத்தில் பேசியபோது நோய் அதிகமாகத் தெரிந்தது. 1981இல் ப்ரைஸ், குவேயர் இருவரும் செய்த ஆய்வில் முடிவு தலைகீழ்: ஸ்பானிய மொழியில்தான் அறிகுறிகள் கூடுதலாக வெளிவந்தன. முதல் ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், இரண்டாவதை விட்டுவிடுவார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பேன். எந்த மொழியில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து நோயின் அளவே மாறித் தெரிகிறது.

இப்போது வளர்ச்சிக்கு வருகிறேன். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதலாம், கட்டடம் பிடிக்கலாம். உள்ளே உட்கார்ந்து கேட்பதற்கு ஆள்? அமெரிக்க உளவியல் சங்கம் 2015இல் எடுத்த கணிப்பில், ஸ்பானிய மொழியில் சேவை தர முடியும் என்ற உளவியலாளர்கள் 5.5 சதவீதம்தான். வட கரோலைனாவில் மனநலச் சிகிச்சை தரும் சமூகப்பணியாளராக முழு உரிமம் வாங்க, முதுகலைப் பட்டத்துக்குப் பிறகும் மேற்பார்வையின் கீழ் 3,000 மணிநேரம் வேலை செய்ய வேண்டும். வீட்டில் பாட்டியோடு ஸ்பானிய மொழி பேசி வளர்ந்த பெண்ணும் பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான் படித்திருப்பாள். அடுப்படி மொழியை வைத்துக்கொண்டு ஒருவரின் துக்கத்தை விசாரித்துவிட முடியாது. அதையும் யாராவது உட்காரவைத்துப் பழக்க வேண்டும். அதனால்தான் எல் ஃபுதுரோ சிகிச்சையோடு பயிற்சியையும் கையில் எடுத்தது. 'லா மெசிதா' என்ற பெயரில், லத்தீனோ மக்களோடு வேலை செய்யும் மனநலத் துறையினருக்கு ஒரு வலையமைப்பும் நடத்துகிறது.

போக்குவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் வந்த சட்டத்தால் ஆவணம் இல்லாதவருக்கு அங்கே ஓட்டுநர் உரிமம் கிடைக்காமல் போனது. கிராமப்புறத்தில் பேருந்தும் இல்லை. ஆலோசனைக்குக் கிளம்புவதே போலீஸிடம் மாட்டிக்கொள்ளும் அபாயம். கொரோனா காலத்தில் தொலைபேசி ஆலோசனை பரவியபோது இந்தத் தொல்லை கொஞ்சம் குறைந்தது. ஆனால் சின்ன வீட்டில் ஆறு பேர் இருந்தால் எங்கே போய்ப் பேசுவது? நிறுத்திவைத்த காருக்குள்தான்.

கடைசியாக ஒன்று. இதுபோன்ற மையத்துக்கு நாளை நீங்கள் பொறுப்பாளர் ஆகலாம். வரிசையில் ஆட்கள் காத்திருப்பார்கள். உங்களிடம் அனுபவமுள்ள ஆலோசகர் ஒரே ஒருவர் இருப்பார். நானாக இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் அவருக்கு நோயாளிகளே தர மாட்டேன், புதியவர்களைப் பழக்கச் சொல்வேன். காத்திருப்பவர்கள் கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமானதுதான்.