கொழுந்து மலையும் கொட்டியாரக் குடாவும்

நேயர்களுக்கு வணக்கம். பாதுகாக்கப்பட்ட கடற்பரப்புகளில் நடக்கும் ஆராய்ச்சிக்கு நாம் ஏன் துணை நிற்க வேண்டும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். கடலைப் பற்றிப் பேசத் தலவாக்கலையில் ஆள் தேடினார்களா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஆனால் ஆராய்ச்சி என்றால் என்ன என்று மலையகத்தாருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 இல் தொடங்கப்பட்டது. இங்கே தலவாக்கலையில், செயின்ட் கூம்ப்ஸ் தோட்டத்தில் இன்றும் இயங்குகிறது. ஒரு காலத்தில் தேயிலை இலைகளைச் சேர்த்து ஒட்டி உள்ளே இருந்து தின்னும் ஒரு புழு தோட்டங்களைப் படாதபாடு படுத்தியது. 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறிய ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள்; அது புழுவின் உடலில் முட்டையிட்டுப் பெருகியது, புழுவின் கொட்டம் அடங்கியது. குளவி என்றாலே கொட்டு வாங்கிய நினைவுதான் நமக்கு வரும். இந்தக் குளவி நமக்கு நல்லது செய்தது. அந்தப் புழு எப்போது முட்டையிடுகிறது, எதற்கு இரையாகிறது என்று யாரோ பொறுமையாகப் பார்த்து எழுதி வைத்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது.

கடலுக்கும் இதே பொறுமை வேண்டும். அதற்குத்தான் பணம் கிடைப்பதில்லை.

திருகோணமலையை அடுத்த நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1963 இல் சரணாலயம், 2003 இல் தேசியப் பூங்கா. அங்கே ஆராய்ச்சியாளர் என்ன செய்கிறார்? மீற்றர் நாடாவை முருகைக்கற்களின், அதாவது பவளப்பாறைகளின், மேல் நேராக விரிக்கிறார். நாடாவின் ஒவ்வொரு அரை மீற்றருக்கும் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்: உயிருள்ள முருகை, செத்த முருகை, பாசி, மணல். கையிலே வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை, அதில் நூலால் கட்டிய பென்சில். பென்சில் தண்ணீருக்கு அடியிலும் எழுதும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே நாடா. பார்க்கச் சலிப்பான வேலைதான்.

சலிப்பான அந்த வேலையின் பலனைச் சொல்கிறேன். 1998 இல் கடல் நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடானது. முருகையின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் நுண்பாசி அப்படிப்பட்ட சூட்டில் வெளியேறிவிடும். முருகை வெளுத்துப்போகும், சூடு நீடித்தால் பட்டினியில் சாகும். மேற்குக் கரையில் கற்பிட்டிக்கு அப்பால், 1992 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட முருகைத் திட்டில், ஆழமற்ற பகுதிகளில் இருந்த முருகை ஏறக்குறைய முழுவதும் மாண்டது. திருகோணமலைப் பக்கத்து முருகைகளோ பெரும்பாலும் தப்பின. முன்னரே அளந்து வைத்திருந்ததால்தான் எது போனது, எது பிழைத்தது என்று சொல்ல முடிந்தது. அளவு இல்லாத இடத்தில் ஆளுக்கொரு கதை.

நம் மலைகளைப் பற்றியும் இப்படி ஒரு கதை உண்டு. நம் மலை ஆறுகளான ஆக்ரா ஓயாவும் நானு ஓயாவும் கொத்மலை ஓயாவாகி மகாவலியில் சேர்கின்றன. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அடைமழையில் காப்பித் தண்ணீர் நிறத்தில் ஓடும் ஆற்றைப் பார்ப்பவர்கள், மலைநாட்டு மண்தான் முருகையை மூடுகிறது என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். மண் படிந்தால் முருகைக்கு வெளிச்சம் குறையும், மூச்சு முட்டும், அது உண்மை. ஆனால் வழியில் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. மகாவலியில் சேரும் இன்னொரு மலை ஆறான ஊமா ஓயா கொண்டுவரும் மண்ணில் பெரும் பங்கு ரந்தம்பையிலேயே தங்கிவிடுகிறது. அப்படியானால் குடாவைக் கலக்குவது மலை மண்ணா, கீழே வயல் மண்ணா, ஆற்றுமணல் தோண்டுவதா? ஊகத்தை வைத்துக்கொண்டு தோட்டத்தில் கான் வெட்டுகிறவரையும் காய்கறி போடுகிறவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல. மேலே ஓயாவிலும் கீழே முகத்துவாரத்திலும் ஆண்டுக்கணக்கில் அளக்க வேண்டும்.

இங்கேதான் என் ஆதங்கம். வெளிநாட்டு உதவியில் மூன்று வருடத் திட்டம் வரும், படகு ஓடும், கருத்தரங்கு நடக்கும். பணம் முடிந்ததும் நாடா சுருட்டி வைக்கப்படும். அறிக்கை ஆங்கிலத்தில் அலுமாரிக்குள் போகும். வலை போடக் கூடாது என்று சொல்லப்பட்ட கடற்றொழிலாளிக்கு, அப்படிச் சொன்னதால் மீன் கூடியதா குறைந்ததா என்று தமிழில் சொல்ல ஆள் இல்லை. தடையைச் சுமப்பவருக்குத்தான் முடிவை முதலில் சொல்ல வேண்டும். அவரையே படகோட்டியாகவும் அளப்பவராகவும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. எந்தப் பாறையில் எந்த மாதம் எந்த மீன் சேரும் என்பது அவருக்குக் கைப்பாடம்.

நாம் என்ன செய்யலாம்? ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். பாடசாலைச் சுற்றுலாக்களும் அப்போது புறாத்தீவுக்குப் போகின்றன. பிள்ளைகள் முருகையின் மேல் ஏறி நின்று படம் எடுக்காமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் வேலை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று உட்கார வேண்டாம்; ருகுணு பல்கலைக்கழகத்தில் கடற்றொழில், கடல் அறிவியலுக்கென்றே ஒரு பீடம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் கடற்றொழில் துறை இருக்கிறது.

தோட்ட அலுவலகங்களில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். காலையில் மழைமானியில் அளந்து எழுதிய பழைய புத்தகங்கள் பல தோட்டங்களில் கறையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆற்றில் எந்த ஆண்டு எவ்வளவு நீரும் மண்ணும் இறங்கியிருக்கும் என்று கணக்கிட அவை விலைமதிப்பற்றவை. பழைய கடதாசி என்று நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது கேட்டு வந்தால் ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் கொடுத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ள விடுங்கள். வணக்கம்.