கடைக் கதவில் ஒட்டியிருக்கும் நீலத் தாளை இனிமேல் படிக்காமல் போகாதீர்கள்!

[திரையில்: பூட்டிய கடையின் கண்ணாடிக் கதவு, அதில் வெளிர் நீலத் தாள்]

லண்டனோ லெஸ்டரோ பர்மிங்ஹாமோ, இங்கிலாந்தில் எங்கே இருந்தாலும் சரி, இந்த மாதிரி ஒரு நீலத் தாளைத் தாண்டி நீங்கள் கட்டாயம் நடந்து போயிருப்பீர்கள். நின்று படித்திருக்க மாட்டீர்கள், யாருமே படிப்பதில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்றால், இந்த இடத்தில் இரவு 2 மணி வரை மது விற்கவும் பாட்டுப் போடவும் லைசன்ஸ் கேட்டிருக்கிறோம், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இன்ன தேதிக்குள் எழுதுங்கள் என்று. மொத்தம் 28 நாள். அந்த 28 நாளில் போலீஸோ மற்ற துறைகளோ அக்கம்பக்கத்தாரோ ஒரு வரிகூட எழுதவில்லை என்றால், முறையாகப் போட்ட விண்ணப்பத்துக்குக் கவுன்சில் அந்த லைசன்ஸைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்கலாம் என்று இல்லை, கொடுத்தே ஆக வேண்டும். கவுன்சிலர்கள் அத்தனை பேருக்கும் பிடிக்காவிட்டாலும்!

நிறையப் பேர் நினைப்பது நேர் எதிராக. "கவுன்சில் நினைத்தால் ஒரு பப்பை வரவிடாமல் பண்ணிவிடும்" என்று. அவ்வளவு லேசில் முடியாது. ஏன் என்பதுதான் இந்த வீடியோ. சேனலுக்குப் புதிதாக வந்தவர்கள் சந்தாவை அழுத்திவிடுங்கள், பழைய ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தாள் நீலமாக இருப்பது தற்செயல் இல்லை. வெளிர் நீலமாக இருக்க வேண்டும், ஏ4 அளவுக்குக் குறையக் கூடாது, கறுப்பு எழுத்து, தட்டச்சு செய்தால் எழுத்தின் அளவு 16க்குக் குறையக் கூடாது. எல்லாம் விதிமுறையில் இருக்கிறது. இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியவர்கள், ஜனங்கள் அதை நின்று படிக்க வைப்பது எப்படி என்று மட்டும் எழுதவில்லை.

[திரையில்: வரலாறு, வேக ஓட்டம்]

சரி, வரலாறு. பிடிக்காதவர்கள் கொஞ்சம் தள்ளிவிடுங்கள். 1552 முதல் மதுக்கடைக்கு அனுமதி கொடுத்து வந்தவர்கள் உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகள். பாட்டு, கூத்துக்கான அனுமதி தனியாகக் கவுன்சிலிடம் வாங்க வேண்டியிருந்தது. 2003இல் ஒரு சட்டம் போட்டு இரண்டையும் சேர்த்துக் கவுன்சில் கையில் கொடுத்தார்கள், அது 2005 நவம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்தான் இது, ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம். அவ்வளவுதான் வரலாறு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். யாராவது ஆட்சேபம் எழுதிவிட்டால் என்ன நடக்கும்? சமரசம் ஆகாவிட்டால் விசாரணை வைப்பார்கள். ஆனால் உங்கள் கடிதம் நான்கே நான்கு விஷயங்களில் ஒன்றைத் தொட வேண்டும்: குற்றமும் ஒழுங்கீனமும் தடுப்பது, பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுப்பது, சிறுவர்களைத் தீங்கிலிருந்து காப்பது. ஸ்காட்லாந்தில் ஐந்தாவதாகப் பொதுச் சுகாதாரமும் உண்டு, இங்கிலாந்தில் கிடையாது. அதனால் "குடி குடியைக் கெடுக்கும்" என்று நீங்கள் பத்துப் பக்கம் எழுதினாலும் இங்கே செல்லாது. "எங்கள் வீட்டு விலை இறங்கிவிடும்", செல்லாது. "இந்தத் தெருவில் ஏற்கெனவே நான்கு கடை இருக்கிறது, ஐந்தாவது எதற்கு", இதுவும் செல்லாது! ஒரு ஊருக்கு எத்தனை மதுக்கடை தேவை என்பது சந்தை முடிவு செய்ய வேண்டியது, லைசன்ஸ் குழுவின் வேலை இல்லை என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஒரே விதிவிலக்கு, அந்தப் பகுதியில் கடைகள் குவிந்து தொல்லை மிஞ்சிவிட்டது என்று கவுன்சில் ஆதாரத்தோடு முன்கூட்டியே அறிவித்திருந்தால், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் வெஸ்ட் எண்ட் பக்கம் செய்திருப்பதுபோல, அங்கே புதிதாக வருபவர்தான் தன்னால் தொல்லை அதிகமாகாது என்று காட்ட வேண்டும்.

விசாரணைக்கு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள், பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். மூன்று கவுன்சிலர்கள், பக்கத்தில் சட்ட ஆலோசகர், ஒரு பக்கம் விண்ணப்பதாரரும் அவருடைய வக்கீலும், மறுபக்கம் மாடி வீட்டுக்காரர். எல்லாருக்கும் பேச ஒரே அளவு நேரம். நீங்கள் எதிர்பார்ப்பது பெரிய வாக்குவாதம். நடப்பது என்ன தெரியுமா, காலி பாட்டிலைப் பற்றிய பேச்சுவார்த்தை! கடையை மூடிய பிறகு பையன் ஒருத்தன் ஒரு தொட்டி நிறைய பியர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சந்தில் இருக்கும் பெரிய குப்பைத் தொட்டியில் கவிழ்ப்பான் பாருங்கள், மாடியில் தூங்குபவருக்குப் பாட்டுச் சத்தத்தைவிட அதுதான் தலையில் இடி. அதனால் இரவு 11 மணியிலிருந்து காலை வரை பாட்டிலை வெளியே கொட்டக் கூடாது என்று ஒரு நிபந்தனை. 11 மணிக்குப் பிறகு கதவு ஜன்னல் மூடியிருக்க வேண்டும், ஆள் உள்ளே வர, வெளியே போக மட்டும் திறக்கலாம். சிசிடிவி பதிவை 31 நாள் வைத்திருக்க வேண்டும். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிற எவரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும், சட்டப்படி வயது 18 என்றாலும். வாசலில் "அமைதியாகக் கலைந்து செல்லுங்கள்" என்று ஒரு பலகை, அதை இரவு 1 மணிக்கு யார் படிக்கிறார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், லைசன்ஸ் கிடைத்ததா இல்லையா என்பது பாதிச் செய்திதான். மீதிப் பாதி இந்த நிபந்தனைப் பட்டியல். "பப் வேண்டவே வேண்டாம்" என்று எழுதுகிற பத்துப் பேரைவிட, "பின்சந்து பாட்டில் தொட்டியை இன்ன நேரத்துக்குப் பிறகு தொடக் கூடாது" என்று எழுதுகிற ஒருத்தர் தூக்கத்தை மீட்டுக்கொண்டு போய்விடுவார்.

[திரையில்: மேடையில் மூன்று பேர், மூன்றாவது ஆள் மேல் சிவப்புப் பெருக்கல் குறி]

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. பொழுதுபோக்கு லைசன்ஸ். இதற்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

2005க்கு முன்னால் ஒரு வேடிக்கையான விதி இருந்தது. மது லைசன்ஸ் உள்ள பப்பில் இரண்டு பேர் வரை பாடினால், வாசித்தால், பொழுதுபோக்கு லைசன்ஸ் வேண்டாம். மூன்றாவது ஆள் சேர்ந்தால் வேண்டும். அதாவது ஒருத்தர் பாட, ஒருத்தர் கிட்டார் வாசிக்க, எல்லாம் சட்டப்படி நடந்துகொண்டிருக்கும்போது, மூலையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தவர் உற்சாகம் தாங்காமல் மேளத்தை எடுத்துத் தட்டினால் கடைக்காரர் குற்றவாளி. புதுச் சட்டம் வந்தபோது இந்த விதியை எடுத்துவிட்டார்கள். நல்லது என்கிறீர்களா? எடுத்துவிட்டு, ஒரே ஒருத்தர் தனியாகப் பாடினாலும் அனுமதி வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்! அனுமதி இல்லாமல் நடத்தினால் 6 மாதச் சிறை அல்லது 20,000 பவுண்ட் அபராதம் வரை போகலாம் என்று இருந்தது.

அதே நேரத்தில், அதே பப்பில், சுவர் அளவுக்குத் திரை கட்டி, கால்பந்து ஆட்டத்தை நேரலையில் போட்டு, இருநூறு பேர் மேசை மேல் ஏறிக் கத்தினால்? எந்தப் பொழுதுபோக்கு அனுமதியும் வேண்டாம், தொலைக்காட்சிக்கு விலக்கு. மேடை நகைச்சுவை பட்டியலிலேயே இல்லை, மைக்கைப் பிடித்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கடிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் கச்சேரி நடத்தினால் விலக்கு, ஆனால் வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் போச்சு. (சிக்னலில் நின்றால் என்ன ஆகும் என்று யாராவது வக்கீல்கள் கமெண்டில் சொல்லுங்கள்.)

இதற்கெல்லாம் உச்சம், மோரிஸ் நடனம். சட்டத்தின் முதல் அட்டவணையில் தனிப் பத்தி போட்டு எழுதியிருக்கிறார்கள்: மோரிஸ் நடனமோ அதைப் போன்ற நடனமோ ஆடினால் விலக்கு, கூட வாசிக்கிற இசைக்கும் ஒலிபெருக்கி இல்லாதவரை விலக்கு. மோரிஸ் நடனம் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் வெள்ளை உடுப்பு, முழங்காலுக்குக் கீழே சலங்கை மாதிரி வரிசையாக மணி, எதிரெதிரே இரண்டு வரிசையாக நின்று, கையில் கோலை வைத்துக்கொண்டு தாளத்துக்கு டக் டக் என்று ஒருவர் கோலில் ஒருவர் தட்டி, இடம் மாறி, சுற்றி வந்து மறுபடி தட்டுவார்கள். அட, இது நம் கோலாட்டம்தானே! தாடி வைத்த வெள்ளைக்காரப் பெரியவர்கள் ஆடுகிற கோலாட்டம், அவ்வளவுதான். சில குழுக்களில் கோலுக்குப் பதில் கைக்குட்டையை வீசுவார்கள். அதனால் எனக்கு ஒரு சந்தேகம், சட்டத்திலேயே "அதைப் போன்ற நடனம்" என்று இருக்கிறதே, லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு மண்டபத்தில் நம் பிள்ளைகள் கோலாட்டம் ஆடினால் அது மோரிஸ் போன்றதா இல்லையா? நான் நீதிபதியாக இருந்தால் இரண்டு கோலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு விலக்குக் கொடுப்பேன்.

இப்போது அந்தச் சந்தேகத்துக்கு அவ்வளவு அவசியமும் இல்லை. 2012இல் கிளமென்ட் ஜோன்ஸ் பிரபு கொண்டுவந்த தனிநபர் மசோதா நேரடி இசைச் சட்டமாகி, அந்த ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மது லைசன்ஸ் உள்ள இடத்தில் காலை 8 முதல் இரவு 11 வரை, 200 பேர் வரை கூட்டம் என்றால், ஒலிபெருக்கி வைத்த கச்சேரிக்கும் தனி அனுமதி தேவை இல்லை. 2015இல் அதை 500 பேர் ஆக்கினார்கள். அதற்கு நடுவில் 2013இல் நாடகத்துக்கும் நடனத்துக்கும் இதே நேரத்தில் 500 பேர் வரை விலக்கு வந்துவிட்டது, ஆகவே அரங்கேற்றம் வைக்கிற பெற்றோர்கள் மண்டப வாடகையையும் மேக்கப்பையும் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும். கோயிலில் நாதஸ்வரக் கச்சேரி வைத்தால் முதலிலிருந்தே விலக்கு, வழிபாட்டு இடங்களுக்கு அது உண்டு.

[திரையில்: ஃபேப்ரிக் கிளப் வாசல், இரவு]

சரி, கொடுத்த லைசன்ஸைப் பிடுங்க முடியுமா? முடியும். 2016இல் லண்டன் இஸ்லிங்டனில் ஃபேப்ரிக் என்ற பெயர்போன நைட் கிளப். ஜூனிலும் ஆகஸ்டிலும் போதை மருந்து தொடர்பாக இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள், இருவருக்கும் 18 வயது. போலீஸ் மறுபரிசீலனை கேட்டது, செப்டம்பரில் கவுன்சில் குழு லைசன்ஸை ரத்து செய்தது. ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள், நிதி திரட்டினார்கள், கிளப் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் வழக்கு முழுதாக நடப்பதற்கு முன்பே நவம்பரில் இரு தரப்பும் ராஜி ஆகிவிட்டது. என்ன ராஜி? 32 நிபந்தனை! அடையாள அட்டையை ஸ்கேன் பண்ண வேண்டும், வார இறுதி இரவுகளில் 19 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, போதை மருந்தோடு பிடிபட்டால் வாழ்நாள் தடை, இப்படி. 2017 ஜனவரியில் கதவு திறந்தது. மறுபடியும் நிபந்தனைதான் பார்த்தீர்களா.

பயம் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும் என்பதற்கு 2008இல் உயர் நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு இருக்கிறது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் விர்ரல் பகுதியில் ஒரு பப்புக்குக் கவுன்சில் நேரத்தை நீட்டிக் கொடுத்தது, ஊர்க்காரர்கள் மேல்முறையீடு செய்ய, மாஜிஸ்திரேட்டுகள் நேரத்தைக் குறைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நீட்டித்த நேரத்தில் பப் ஏற்கெனவே மாதக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது, சொல்லும்படியாகத் தொல்லை எதுவும் வரவில்லை. மற்ற பப் ஆட்கள் எல்லாம் இங்கே படையெடுத்து வந்துவிடுவார்கள் என்ற பயம்தான். ஆதாரம் எங்கே என்று கேட்டு உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

லண்டனிலோ 696 என்ற எண்ணில் போலீஸ் ஒரு படிவம் வைத்திருந்தது, நிகழ்ச்சி நடத்துபவர்கள் நிரப்ப வேண்டியது. ஆரம்பத்தில் அதில் என்ன வகைப் பாட்டு, வருகிற கூட்டம் எந்த இனம் என்றுகூடக் கேட்டார்கள். கறுப்பின இளைஞர்களின் இசையைக் குறிவைக்கிறார்கள் என்று வருஷக்கணக்காகக் கலைஞர்கள் போராடி, 2017 நவம்பரில்தான் அந்தப் படிவத்தைக் கைவிட்டார்கள். விர்ரலில் ஆதாரம் கேட்ட அதே நாட்டில்தான் இதுவும் நடந்தது என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

கடைசியாக, நம் ஆட்களுக்கு உடனே உதவுகிற இரண்டு விஷயம். ஆஃப் லைசன்ஸ் கடை, அதாவது மதுவை வாங்கி வெளியே கொண்டுபோகிற கடை, வைத்திருப்பவர்கள் லண்டனில் நம்மில் எத்தனை பேர்! லைசன்ஸில் பொறுப்பாளர் என்று ஒருத்தர் பெயர் இருக்கும். அவர் அந்தப் பொறுப்பை விட்டுப் போய்விட்டால், வேறொருவர் பெயரைப் போட விண்ணப்பிக்கும் வரை ஒரு பியர் டின்கூட விற்கக் கூடாது. மச்சான் பெயரில் போட்டுவிட்டு மச்சான் கனடா போனதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, மண்டபத்தில் ஒருநாள் விழா வைத்து மது விற்கிறீர்கள் என்றால் முழு லைசன்ஸ் தேவை இல்லை, தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்புக் கொடுத்தால் போதும். 21 பவுண்ட். ஒரே நேரத்தில் உள்ளே 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அதில் சமையல்காரர், மேளக்காரர், வாசலில் நிற்கும் ஆள் எல்லாம் கணக்கு. பத்து வேலை நாளுக்கு முன்னால் கவுன்சிலுக்குப் போய்ச் சேர வேண்டும், கொடுத்த நாளும் விழா நாளும் அந்தப் பத்தில் சேராது. தாமதமாகிவிட்டால் ஐந்து வேலை நாள் வரை ஒரு வாய்ப்பு உண்டு, ஆனால் அதில் போலீஸோ சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரிகளோ ஆட்சேபம் சொன்னால் விசாரணைகூடக் கிடையாது, அறிவிப்பு அதோடு செத்தது. பக்கத்து வீட்டுக்காரர் இதில் ஆட்சேபிக்க முடியாது, போலீஸாலும் அந்த அதிகாரிகளாலும்தான் முடியும். தேதியைக் காலண்டரில் எண்ணிப் பார்த்துவிட்டு, உங்கள் தெருவில் நீலத் தாள் ஏதாவது கண்ணில் பட்டால் அதில் எத்தனை மணி வரை கேட்டிருக்கிறார்கள் என்று கமெண்டில் போடுங்கள்.