பெயரில்லாத ஊரின் பாட்டு

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொண்ணூறு வயதைக் கடந்தும் இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்துவர இந்த மாடிக்கு ஏறி வந்து தலைமை ஏற்றிருக்கும் என் வரலாற்று ஆசிரியர் ஐயா அவர்களே, வரி வசூல் நாளிலும் நேரம் ஒதுக்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, கூரை ஒழுகும் இடத்தில் எல்லாம் வாளி வைத்து ஐப்பசி மழையில் புத்தகங்களைக் காப்பாற்றிய நூலகர் அவர்களே, வாடகை வாங்காமல் ஒலிபெருக்கி தந்த தம்பி அவர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

என் ஆசிரியர் கடற்பயணங்களைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் முதலில் கரும்பலகையில் ஒரு வரி எழுதுவார்: இக்கரைக்கு அக்கரை பச்சை. கொலம்பஸ் ஆனாலும் வாஸ்கோ ட காமா ஆனாலும் அந்த வரியிலிருந்துதான் தொடங்குவார். இன்று நான் பேசவிருக்கும் படத்துக்கும் அதைவிடப் பொருத்தமான முன்னுரை இல்லை.

படத்தின் பெயர் ‘பெயின்ட் யுவர் வேகன்’. 1969-இல் வந்தது. கௌபாய் உடையும் குதிரையும் உண்டு. துப்பாக்கிச் சண்டையைவிடப் பாட்டும் சிரிப்பும் அதிகம். ஆலன் ஜே லெர்னரும் ஃபிரெடரிக் லோவும் 1951-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்கு எழுதிய இசை நாடகம் அது. ஜோஷுவா லோகன் திரைக்குக் கொண்டுவந்தார். கதையைப் பெரும்பாலும் மாற்றிவிட்டார்கள். பாட்டுகளில் பலவற்றை வைத்துக்கொண்டார்கள். மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, அதன் பாட்டுகள். இரண்டு, அதற்குப் பின்னால் உள்ள கலிபோர்னியா வரலாறு. மூன்று, கோலார் தங்கவயலுக்குப் போன நம் மக்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர் எதிரிலேயே இருக்கிறார். 1848 ஜனவரி 24 அன்று கொலோமா என்ற இடத்தில், ஜான் சட்டருக்காக மரம் அறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல், நீரோடும் கால்வாயில் மின்னிய பொன் துணுக்குகளைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் கலிபோர்னியாவுக்கு வந்து குவிந்தார்கள். சட்டரின் நிலத்தைக் கூட்டம் வளைத்துக்கொண்டது, அவர் நொடித்துப்போனார். மார்ஷலும் செல்வந்தராகவில்லை. மண்வெட்டியும் பொன் அரிக்கும் தட்டும் விற்ற சாம் பிரானன் பணக்காரரானார். அந்த மண்ணின் பழங்குடியினர் 1848-இல் சுமார் ஒன்றரை இலட்சம் பேர். 1870 வாக்கில் சுமார் 30,000 பேர்தான் எஞ்சினார்கள். படம் அவர்களைப் பற்றிப் பேசவில்லை. படத்தை நேசிக்கிற நான் அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

இனி கதை. மலைச்சரிவில் ஒரு வண்டி உருண்டு, சகோதரர் இருவரில் ஒருவன் இறந்துபோகிறான். அவனுக்காகத் தோண்டிய குழியில் பொன் துகள் தெரிகிறது. பென் ரம்சன் என்ற குடிகாரக் கிழவன் உடனே அந்த இடம் தன்னுடையது என்று உரிமை கோருகிறான். பிழைத்த தம்பியைத் தன் பங்குதாரனாக ஆக்கிக்கொள்கிறான். ரம்சனாக லீ மார்வின், தம்பியாக கிளின்ட் ஈஸ்ட்வுட். அங்கே முளைக்கிற ஊருக்குப் பெயரே ‘பெயரில்லா நகரம்’.

இந்தப் படத்தை எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் என் பெரியப்பாவுடன் பார்த்தேன். அவர் வெற்றிலை மண்டியில் நாற்பது ஆண்டுகள் ஏலம் கூறியவர். வழக்கு விஷயமாகச் சென்னைக்கு வந்திருந்தார். மாலையில் வேலை இல்லை. “வெள்ளைக்காரன் படம் என்றால் குதிரை இருக்கும், போகலாம்” என்றார். ஆங்கிலத்தில் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. முதல் அரைமணி நேரம் குதிரைகளை எடைபோட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காட்சி வந்தது. இரண்டு மனைவியருடன் அந்த வழியாக வருகிறான் ஒருவன். பெண் வாடையே இல்லாத ஊர் அது. ஒருத்தியை விற்றுவிடு என்று சுரங்கக்காரர்கள் கேட்கிறார்கள். ஏலம் தொடங்குகிறது. பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் ஏறுவதும் கூட்டம் அடங்குவதும் ஏலம் அறிந்தவருக்குப் போதுமே! போதையில் இருக்கும் ரம்சன் 800 டாலர் என்று கத்துகிறான். எல்லோரும் வாயடைத்து நிற்கிறார்கள். அந்த அமைதியில், இருட்டுக்குள்ளிருந்து, மண்டியே அதிரும் குரலில் என் பெரியப்பா கூறினார்: “ஒரு தரம்! இரண்டு தரம்! மூன்று தரம்!”

கொட்டகை முழுவதும் சிரித்தது. டார்ச் விளக்குடன் ஓடி வந்த ஊழியரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வரிசைக்குப் பெரியப்பாதான் தலைவர். நான் அவர் காதில் சொல்வேன், அவர் முன்னும் பின்னும் திரும்பிச் சொல்வார். எலிசபெத் என்ற அந்தப் பெண், ஜீன் சீபெர்க் நடித்த பாத்திரம், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தனக்கு மரியாதையும் உறுதியான வீடும் வேண்டும் என்று நிபந்தனை வைத்தபோது, “அப்படிக் கேள் தாயே” என்றார். பிறகு அவளுக்கு இளையவன் மேலும் அன்பு வந்து, இருவரும் எனக்குக் கணவர் என்று அவள் அறிவிக்கிறாள். பின் வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். “திரௌபதிக்கு ஐவர். இவளுக்கு இருவர்தானே, போகட்டும்” என்றார் பெரியப்பா. ஊருக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மதுக்கடைப் பலகை இடுக்குகளில் சிந்தும் பொன் துகளை அவர்கள் சேகரிக்கும்போது, நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பொற்கொல்லர் தெருவின் சாக்கடை மண்ணை அரித்துப் பொன் எடுப்பவர்களை அவர் நாள்தோறும் பார்த்தவர்.

ஆனால் ஒரு பாட்டு வந்தது. லீ மார்வின் பாடகர் அல்லர். கூழாங்கற்கள் உருளுவதைப் போன்ற அடிக்குரல். கோவேறு கழுதை நடப்பதைப் போன்ற தாளம். அலைவதற்கென்றே பிறந்தவன் நான் என்கிற பாட்டு அது. 1970 மார்ச்சில் பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. பீட்டில்ஸ் குழுவின் புதுப் பாட்டையே இரண்டாம் இடத்தில் நிறுத்திவைத்தது. பயிற்சி பெற்ற குரலில் அந்தப் பாட்டு இவ்வளவு உண்மையாக இருந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து. ரம்சன் தன் வாழ்க்கையைத்தானே சொல்கிறான், அதற்கு எதற்குக் கமகம்? பெரியப்பா அந்தப் பாட்டு முடியும்வரை அசையவில்லை. “என்ன சொல்கிறான்?” என்று கேட்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஊர் தங்காதவன் பாட்டு என்றேன். “இக்கரைக்கு அக்கரை பச்சை என்கிறானா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது சரியான பதில் இல்லை. அந்தப் பாட்டில் அக்கரையும் பச்சையில்லை. அவனுக்குப் போவது மட்டுமே வாழ்வு. அதை நான் புரிந்துகொள்வதற்குள் பெரியப்பா போய்விட்டார்.

அதற்காகத்தான் இன்று இங்கே நிற்கிறேன். உலகத்தின் நல்ல படங்கள் தமிழ் வசன வரிகளுடன் மாதம் ஒருமுறை இந்த மாடியில் திரையிடப்பட வேண்டும். ஆறு மாதமாக நானும் மூன்று கல்லூரி மாணவியரும் இந்தப் படத்துக்கு வரிகள் எழுதிவருகிறோம். இரண்டு வரிக்குள், கண் படித்து மீளும் நேரத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். ஈஸ்ட்வுட்டை எல்லோரும் ‘பார்ட்னர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவனுடைய உண்மைப் பெயரைப் பிரியும்போதுதான் ரம்சன் கேட்டறிகிறான். கூட்டாளி என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி அதை அடித்துவிட்டுப் ‘பங்காளி’ என்று எழுதினார். பொன்னிலும் வீட்டிலும் பங்கு, உறவும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. அவர் எழுதியதுதான் சரி. ஹார்வ் பிரெஸ்னெல் பாடும் காற்றுப் பாட்டுக்கு வந்தோம். அங்கே மழைக்கும் நெருப்புக்கும் காற்றுக்கும் மனிதப் பெயர்கள். காற்றின் பெயர் மரியா. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கென்றால் கொண்டல், மேற்கென்றால் கோடை என்று பெயர் வைத்தவர்கள் நாம். தனிமையில் வாடுகிறவனின் காற்று வாடைதான் என்று மாணவியர் வாதாடினார்கள். மரியாவை மரியாவாகவே விட்டு, அடுத்த வரியில் வாடையைச் சேர்த்தோம். அந்த ஒரு வரிக்கு இரண்டு மாலை ஆயிற்று. எனக்கு அவை வாழ்நாளில் மறக்க முடியாத மாலைகள்.

2 கோடி டாலர் கொட்டி ஓரிகன் மாநிலத்தின் பேக்கர் நகரத்துக்கு அருகில் காட்டுக்குள் ஊரையே கட்டினார்கள்; செலவுக்கேற்ற வரவு இல்லை என்றும் நீளம் என்றும் குறை சொன்னார்கள். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது, உண்மைதான். காளையும் கரடியும் மோதும்போது சுரங்கத்தின் மேல் நின்ற ஊர் முழுவதும் சரிந்து விழுகிற உச்சக் காட்சியை இந்தப் பிள்ளைகள் பார்க்கட்டும். பிறகு நீளம் என்று சொல்லட்டும்.

கோலாரைப் பற்றிப் பேச நேரம் இல்லை என்று நூலகர் சீட்டு அனுப்பியிருக்கிறார். அது தனிக் கூட்டத்துக்கு உரியது.

அம்மையார் அவர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான்: ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் திரை, மழைக்காலத்துக்கு முன் கூரைப் பழுது. திரையிடும் உரிமைக்கு உரியவர்களிடம் எழுதி அனுமதி பெறும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கோரிக்கை மனுவுக்கான நோட்டு இதோ என் கையில் இருக்கிறது. முதல் பக்கத்தின் முதல் வரியை என் ஆசிரியருக்காக விட்டுவைத்திருக்கிறேன். ஐயா எழுந்து வர வேண்டாம், நானே கொண்டு வருகிறேன்.