முதல் வாடகை வீடு: தேங்காய் யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

"கையில் கொஞ்சம் பணம் இருக்கு, ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?" நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி எழாத குடும்பம் குறைவு. வளைகுடாவில் இருக்கும் பையன் போனில் கேட்பான். ஓய்வு பெறப்போகும் டீச்சர் கேட்பார். ரப்பர் விலை இறங்கினால் தோட்டக்காரரும் கேட்பார். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களின் வீடுகளுக்கு ஆள் பார்ப்பது, வாடகை வாங்கிப் போடுவது, மோட்டார் கெட்டுப்போனால் ஆளைக் கூட்டிக்கொண்டு ஓடுவது என்று நெடுங்காலமாக நான் இதில் கிடப்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

முதலில் கணக்கு. பேப்பர் பேனா தேவையில்லை, கேட்டாலே போதும். ஒரு பேச்சுக்கு 40 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்குகிறீர்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டும் சேர்ந்து 9 சதவீதம், அது 3 லட்சத்து 60 ஆயிரம். மாத வாடகை 10,000 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,20,000. ஒரு குடும்பம் காலி செய்து அடுத்த குடும்பம் வருவதற்குள் ஒரு மாதம் போய்விடும், அதைக் கழியுங்கள். வெள்ளையடிப்பு, குழாய், மோட்டார் எல்லாவற்றுக்கும் 15,000. வீட்டு வரி ஒரு 5,000. மிச்சம் 90,000. போட்ட பணம் ஏறத்தாழ 44 லட்சம், வந்தது 90,000. நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் சொச்சம்தான்! பாங்கில் சும்மா வைப்பு போட்டாலே இதைவிடக் கூடக் கிடைக்கும்.

கடன் வாங்கினால் இன்னும் மோசம். 30 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 26,000. வாடகை 10,000. மீதி 16,000 உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் போகும்.

"நிலம் விலை ஏறுமே" என்பீர்கள். ஏறலாம். அது விற்கும் அன்றைக்குக் கைக்கு வரும் பணம். மாத வருமானம் வேண்டும் என்று ஆரம்பிப்பவர் அதை வைத்துப் பால் பாக்கெட் வாங்க முடியாது.

அப்படியானால் வாடகைத் தொழிலே வேண்டாமா? வேண்டும். ஆனால் முதல் வீட்டை வாங்காதீர்கள், ஏற்கெனவே இருப்பதைத் திறங்கள். நம்ம ஊரில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது! பிள்ளைகள் குவைத்திலும் துபாயிலும், அம்மா அப்பா கீழே ஓர் அறையில், மாடி முழுக்கப் புறா. அல்லது தாத்தா காலத்து ஓட்டு வீடு, வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து தூசி தட்டுவார்கள். இதில் 4 லட்சம் செலவழித்து ஒரு நல்ல குளியலறை, தனி வாசல், தனி கரண்ட் மீட்டர் வைத்தால் மாதம் 6,000 கிடைக்காதா? வருஷத்துக்கு 72,000. போட்டது 4 லட்சம்தான். முன்னே சொன்ன 44 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், முதல் வீட்டை வாங்க வேண்டாம், இருப்பதைத் திறங்கள்.

தனி மீட்டர் என்றேன். அதை அலட்சியப்படுத்த வேண்டாம். இரண்டு குடும்பத்துக்கு ஒரே மீட்டர் என்றால் யூனிட் கூடிக் கட்டணம் மேல் படிக்கு ஏறும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க ஆள் வரும் நாளெல்லாம் அந்த வீட்டில் சண்டை நாள்தான்.

யார் குடிவருவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிப் பக்கம் நர்ஸ்கள், பயிற்சி டாக்டர்கள். சுங்கான்கடைப் பக்கம் கல்லூரி வாத்தியார்கள், மாணவர்கள். குழித்துறை, இரணியல் ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்துக்குத் தினம் வேலைக்குப் போய் வருகிறவர்கள். இவர்களில் யாருக்கும் கிரானைட் தரை முக்கியமில்லை. பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம், சித்திரையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா, இந்த இரண்டையும்தான் முதலில் கேட்பார்கள்.

அப்புறம் மழை. மற்ற பல மாவட்டக்காரர்களுக்குப் பெருமழைக்காலம் ஒன்றுதான், நமக்கு இரண்டு. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. சுவரில் ஓதம் ஏறுகிறதா, மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று மழையில் நின்று பாருங்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் வயலை நிரவிக் கட்டிய இடங்கள் என்ன பாடுபட்டன என்று உங்களில் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். கடற்கரை ஊர்கள் என்றால் உப்புக்காற்று வேறு, ஜன்னல் கம்பியைத் தின்றுவிடும்.

சரி, இப்போது தேங்காய்க்கு வருகிறேன். சிரிக்காதீர்கள். நம்ம மாவட்டத்தில் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடக்கும் சண்டைகளில் வாடகைக்கு அடுத்தபடி நான் அதிகம் பார்த்தது தேங்காய்ச் சண்டை.

தக்கலைப் பக்கம் ஓர் அண்ணாச்சி. நல்ல மனுஷர். வீட்டைச் சுற்றி ஐந்து தென்னை, ஒரு வருக்கைச் சக்கை மரம், அதாவது பலா. ஒரு டீச்சர் குடும்பம் வாடகைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் எழுதினார்கள், மரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. முதல் தேங்காய் வெட்டுக்கு அண்ணாச்சி விடியுமுன்னே மரம் ஏறுகிற ஆளோடு வந்து நின்றார். தூக்கத்திலிருந்து எழுந்துவந்த டீச்சர், "இரண்டு காய் வச்சுட்டுப் போங்க அண்ணாச்சி" என்றார். "வேணும்னா விலைக்கு எடுத்துக்கிடுங்க டீச்சர்" என்றார் அவர்.

அந்த ஒரு சொல் போதாதா? தென்னைக்குத் தண்ணீர் விடுவது டீச்சர் வீடு. அந்த மோட்டாருக்குக் கரண்ட் பில் கட்டுவதும் டீச்சர் வீடு. மறுநாளிலிருந்து தென்னைக்குத் தண்ணீர் நின்றது. அடுத்த வெட்டு நாளில் கேட்டைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அதற்கடுத்த வெட்டில் ஒரு குலை நேராக அவர்களுடைய ஸ்கூட்டர் மேல் விழுந்தது. கண்ணாடி உடைந்தது. யார் பணம் கொடுப்பது? சக்கை பழுக்கும் காலம் வந்தது. பிள்ளைகள் ஒன்றை வெட்டித் தின்றுவிட்டு அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தார்கள். அண்ணாச்சி மதிலுக்கு வெளியே நின்று மரத்தில் எத்தனை சக்கை இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தார். வருஷம் முடிவதற்குள் டீச்சர் காலி செய்துவிட்டார். வீடு நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. வாடகை 9,000. நான்கு மாதத்துக்கு 36,000 போச்சு.

தேங்காயில் என்ன வந்திருக்கும்? 45 நாளுக்கு ஒரு வெட்டு, வருஷத்துக்கு எட்டு. வெட்டுக்கு ஐம்பது காய் என்றால் 400 காய். காய் 20 ரூபாய் என்று போட்டாலும் 8,000. ஏறுகூலி அதிலே போகணும்.

அடுத்த குடும்பத்தைக் கூட்டிவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒப்பந்தத்திலேயே எழுதினோம்: வெட்டுக்கூலி வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வெட்டிலும் பத்து காய் குடியிருப்பவருக்கு, தானாக விழுவதும் அவருக்கே, சக்கை பாதிக்குப் பாதி, வெட்ட வருமுன் முந்தின நாளே சொல்ல வேண்டும். முத்திரைத்தாளில் சக்கையா என்று டைப் அடித்தவர் சிரித்தார். அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

முந்தின நாளே சொல்வது வெறும் மரியாதைக்கு இல்லை. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரம் முன்பே அறிவிக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. கட்டடத்தின் பெரிய ரிப்பேர், வெள்ளையடிப்பு எல்லாம் வீட்டுக்காரர் பாடு. குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சில்லறை குடியிருப்பவர் பாடு. வாடகை பாக்கி என்று கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. அதைச் செய்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

ஒற்றிக்கு விடுவது, அதாவது மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாகப் பணம் வாங்கி, காலி செய்யும்போது திருப்பிக் கொடுப்பது, அதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் ஓடுகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒற்றிப் பணம் 5 லட்சம் கைக்கு வந்தால் வருமானம் வந்தது போல இருக்கும், ஆனால் அது கடன். அதை எடுத்து அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர்கள், குடியிருந்தவர் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நகையை அடகு வைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பிப்பவருக்கு மாத வாடகைதான் நல்லது.

வருமான வரியையும் இரண்டே வரியில் முடிக்கிறேன். வாடகையில் நீங்கள் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைச் செலவு என்று தள்ளிவிடுவார்கள், ரசீது காட்ட வேண்டாம். மிச்சத்துக்குத்தான் வரி. வாடகையைப் பாங்க் கணக்கில் வாங்குங்கள்.

கடைசியாக, இத்தனை சொல்லியும் வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: மூலப்பத்திரம், பட்டா, சொத்தின் மேல் என்னென்ன விற்பனை, அடமானம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் குறைந்தது 30 வருஷ வில்லங்கச் சான்று, இவற்றை ஒரு வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். பொதுக் கிணறு, பொது வழி இருந்தால் அந்த உரிமை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கிணறு அடுத்தவர் பக்கம் இருந்தால் அவரிடமே நேரில் போய்க் கேளுங்கள். நன்றி, வணக்கம்.