பேபி சரோஜா ஏன் மூணே படத்தோட நின்னாங்க? கோத்தகிரியிலிருந்து வந்த கேள்வி

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான், மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. கோத்தகிரியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "எங்க பாட்டி பேரு சரோஜா, 1938-ல பொறந்தவங்க. சினிமாவுல வந்த ஒரு குழந்தையோட பேரை வெச்சாங்களாம். யாரு அது, ஏன் அப்புறம் நடிக்கல? பாட்டியோட ட்ரங்குப் பெட்டியில தியாகபூமி பாட்டுப் புத்தகம் இருக்கு, பூஞ்சணம் பிடிச்சிருக்கு."

அது பேபி சரோஜா. இயக்குநர் கே. சுப்ரமணியத்தோட உடன்பிறந்தவர் மகள். 1937-ல பாலயோகினி, 1939-ல தியாகபூமி, 1941-ல காமதேனு, அவ்வளவுதான். 'இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்'னு கொண்டாடினாங்க. வீட்டுக்கு வீடு பெண் குழந்தைக்கு சரோஜான்னு பேர் வெச்ச காலம் அது. பாலயோகினி வந்த மறு வருஷம் உங்க பாட்டி பொறந்திருக்காங்க, கணக்கு சரியா வருது.

ஏன் நின்னாங்கன்னு கேட்டா, என்னமோ சோகம் நடந்திருக்கும்னு நினைக்கறோம். அப்படி நினைக்காதீங்க. பால் பல் விழுந்து முளைக்கற வயசுல ஆரம்பிச்சு, பத்து வயசுக்குள்ள மூணு படமும் முடிஞ்சுது. தியாகபூமியில பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரி, எஸ்.டி. சுப்புலட்சுமி சாவித்திரி, இந்தக் குழந்தை சாரு. பதினாலு வயசுல போய் சாருவா நிக்க முடியாது இல்லையா? திரைக்கு வெளியதான் அவங்களோட நீண்ட வாழ்க்கை, 2019-லதான் காலமானாங்க.

எனக்கு அந்தப் பாட்டுப் புத்தகம்தான் முக்கியம். முன்னாடியும் சொல்லியிருக்கேன், மறுபடி சொல்றேன்: அந்தக் காலத்துல சினிமாவை வீட்டுக்குள்ள கொண்டுவந்தது காகிதம். கல்கியோட தியாகபூமி ஆனந்த விகடன்ல தொடரா வந்தப்ப, ஓவியத்துக்குப் பதிலா படத்தோட ஸ்டில்லையே போட்டாங்க. கொட்டகை இல்லாத ஊர்லயும் சாரு முகம் தெரிஞ்சுது. அப்புறம் வெள்ளைக்காரன் அரசாங்கம் படத்துக்குத் தடை போட்டுச்சு. கொட்டகையை விட்டுப் படம் போச்சு, வீட்டுல இருந்த காகிதம் இருந்துச்சு. அந்தக் காலப் படச்சுருள் நைட்ரேட்ங்கற, சட்டுனு தீப்பிடிக்கற வகை. பத்திக்கிட்டா தண்ணி ஊத்தினாலும் அணையாது. மிஞ்சின சுருளையும் வெள்ளிக்காகக் கரைச்சாங்க. அதனால உங்க பெட்டியில இருக்கறதைச் சாதாரணமா நினைக்காதீங்க.

இப்ப பூஞ்சணம். ஈரமா இருக்கும்போது துடைச்சா இழுவி, தாளுக்குள்ள இறங்கிடும். முதல்ல காயணும். உங்க பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருசு, அதனால தை மாசத்துக்கு அப்புறம் எடுங்க. வெயில்ல வேண்டாம், நிழல்ல காத்தோட்டமா விரிச்சு வைங்க. பூஞ்சணம் பொடியா உதிர ஆரம்பிச்சதும், முகத்துல மாஸ்க் போட்டுக்கிட்டு, வீட்டுக்கு வெளிய, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால உங்க பக்கம் வராம எதிர்ப்பக்கமா தள்ளுங்க. ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

புத்தகத்து நடுவுல குத்தியிருக்கற கம்பிப் பின் துருப்பிடிச்சிருக்கும், பழுப்புக் கறை அதுலேர்ந்துதான் பரவுது. பின்னோட கால்கள் மடங்கியிருக்கற பக்கத்துல அதுங்களை நிமிர்த்தி, மெதுவா உருவிட்டு, அதே துளையில பருத்தி நூல் கோத்துடுங்க. இழுத்தா தாள் கிழியும். லேமினேஷன் பண்ணக் கூடாது, சூட்டுல ஒட்டினதை யாராலயும் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் கூடாது, பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னுடும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்தை நிறுத்தாது.

மலையில ட்ரங்குப் பெட்டியைத் தரையில வைக்கறதுதான் பெரிய தப்பு. ராத்திரி தகரம் குளிர்ந்து உள்ளயே வேர்க்கும். பலகை மேல, உள்சுவர் ஓரமா வைங்க. சின்ன டப்பாவுல புத்தகத்தோட ஒரு ஐம்பது கிராம் சிலிக்கா ஜெல், புத்தகத்துல படாம துணியில கட்டிப் போடுங்க. நீல மணி ரோஸ் நிறமானா ஈரம் குடிச்சு முடிச்சுதுன்னு அர்த்தம், மாத்திடுங்க. குழந்தைங்க கைக்கு எட்டக் கூடாது.

இதையெல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் ஒவ்வொரு பக்கமா ஃபோட்டோ எடுத்துடுங்க. பாட்டிக்கு அந்தப் பேரை வெச்சது யாரு, புத்தகம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சவரைக்கும் தனித்தாள்ல எழுதிச் சேர்த்து வைங்க. பென்சில்ல எழுதுங்க. பேனா மை ஓதத்துல ஊறிப் பரவிடும்.