பேண்ட் என்ற சொல்லின் அடியில் ஒரு மருத்துவர்

அனைவருக்கும் வணக்கம். இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பேண்ட். இந்த அரங்கில் பலர் அதைத்தான் அணிந்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் ஒரு மருத்துவர் இருக்கிறார்.

அவர் பெயர் பான்டலியோன். இன்றைய துருக்கியில் இருக்கும் நிகோமீடியாவில் வாழ்ந்தவர். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களைத் தேடித் தேடித் தண்டித்த காலம் அது. கி.பி. 305 வாக்கில் இவரையும் கொன்றார்கள் என்கிறது மரபு. ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு இவர் ஒரு காசும் வாங்கமாட்டாராம். கிழக்குத் திருச்சபையில் ‘காசு வாங்காதவர்கள்’ என்றே ஒரு புனிதர் வரிசை உண்டு. இவர் அதில் முக்கியமானவர். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெனிஸ் நகரத்தார் இந்தப் புனிதர்மேல் பிரியம் வைத்தார்கள். அவர் பெயரில் அங்கே ஒரு தேவாலயம் இன்றும் நிற்கிறது. பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். அதனால், வெனிஸ்காரர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர்தான் ஞாபகம் வந்தது.

16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் முகமூடி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. எழுதிவைத்த வசனம் கிடையாது, மேடையில் நின்றபடியே பேசுவார்கள். அவற்றில் ஒரு கிழட்டு வெனிஸ் வியாபாரி வருவார். வளைந்த மூக்கு, கூரான தாடி, இடுப்பில் பணப்பை, கறுப்பு மேலங்கி, கால்களை இறுக்கிப் பிடித்த சிவப்பு உடை. மகா கஞ்சன். அவருக்குப் பெயர் பான்டலோனே! காசு வாங்காதவரின் பெயர் காசைக் கையைவிட்டு விடாதவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை முதலில் படித்தபோது எனக்கு மனசு வலித்தது. உண்மையாகவே வலித்தது.

அப்புறம் ஆளின் பெயர் ஆடைக்கு வந்தது. பிரெஞ்சில் பான்டலோன், ஆங்கிலத்தில் பான்டலூன்ஸ். பிரெஞ்சுப் புரட்சியின்போது அதற்கு ஒரு கௌரவமே கிடைத்தது. பிரபுக்கள் முழங்கால்வரை வரும் குலோத் அணிந்து, அதற்குக் கீழே பட்டுக் காலுறை போட்டார்கள். உழைக்கும் மக்கள் அணிந்தது கணுக்கால்வரை நீண்ட பான்டலோன். ‘சான்-குலோத்’, அதாவது குலோத் இல்லாதவர்கள் என்பதே புரட்சிக்காரர்களின் பெயராயிற்று.

ஒரே ஆடைக்கு ஆங்கிலத்தில் ஏன் பன்மை என்று பலர் கேட்கிறார்கள். முன்பு இரண்டு கால்களையும் தனித்தனியாகத் தைத்தார்கள், அதனால்தான் என்று ஒரு விளக்கம் உலவுகிறது. இடைக்காலக் காலுறைகள் தனித்தனியாக இருந்தது உண்மைதான். ஆனால் பான்டலூன்ஸ் என்ற சொல் ஆடைக்கு வந்தபோது இரண்டும் எப்போதோ சேர்ந்துவிட்டன. கத்தரிக்கோலையும் மூக்குக்கண்ணாடியையும்கூட ஆங்கிலம் பன்மையில்தான் சொல்கிறது. இரட்டையாகப் பிரியும் பொருள் என்றால் அந்த மொழிக்கு அப்படி ஒரு பழக்கம். எனக்கு இதுவே போதுமான காரணமாகத் தெரிகிறது.

சரி, பான்டலூன்ஸ் எப்படி பேண்ட்ஸ் ஆனது? 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் வாலை நறுக்கிவிட்டார்கள். படித்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கனவான்களுக்கான சொல் அல்ல இது என்று 1846-இல் கவிதையிலேயே கண்டித்தார் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அவரும் ஒரு மருத்துவர்தான்! பிரிட்டனில் இன்றைக்கும் பேண்ட்ஸ் என்றால் பெரும்பாலும் உள்ளாடை. வெளியே அணிவதை அவர்கள் டிரவுசர்ஸ் என்பார்கள். அது கேலிக் மொழி வழியாக வந்த வேறொரு சொல்.

அந்த நறுக்கலில் போனது எது, மிஞ்சியது எது என்று பாருங்கள். கிரேக்கத்தில் ‘லியோன்’ என்றால் சிங்கம். ‘பான்டா’ என்றால் எல்லாம். அமெரிக்கர்கள் வெட்டியதில் சிங்கம் போய்விட்டது. நாம் காலில் மாட்டிக்கொள்வது அந்த மருத்துவர் பெயரின் முன்பாதி, ‘எல்லாம்’.