ஆறு விநாடிப் பாத்திரம்

நண்பர்களே, தீம் பார்க்கில் வண்டியில் உட்கார்ந்து காட்சிகளைக் கடந்து போகும் சவாரிக்கு, அதில் அசையும் பொம்மையாக நிற்கும் பாத்திரத்தை வரைய உட்காருகிறவர் பென்சிலுக்கு முன்னால் ஸ்டாப்வாட்ச்சை எடுக்க வேண்டும். வண்டி விநாடிக்கு 60 சென்டிமீட்டர் நகர்கிறது, காட்சியின் நீளம் 6 மீட்டர் என்று வையுங்கள். மொத்தம் 10 விநாடி. தலையைத் திருப்பவும் கண் பழகவும் மூன்று நான்கு போய்விடும். மிச்சம் ஆறுதான். இதற்குள் பாத்திரத்தின் பால்ய காலத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு! அதில் ஒரு வரியும் வண்டியில் இருப்பவருக்கு எட்டாது.

ஆகவே சவாரியின் கருவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதற்கு எழுவாய் ‘நீங்கள்’ என்றிருக்கட்டும். நீங்கள் எங்கே போகிறீர்கள், நடுவில் என்ன கெடுகிறது? அதற்குப் பிறகுதான் பாத்திரம்.

வரைந்ததும் உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பி, பத்தடி தள்ளி மாட்டுங்கள். ஆள் என்ன செய்கிறான் என்று புரியவில்லையா? கையை உடம்பிலிருந்து விலக்கி மறுபடி வரையுங்கள். 1967இல் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் திறந்த ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ சவாரியில் டிஸ்னி வடிவமைப்பாளர் மார்க் டேவிஸ் அமைத்த சிறைக் காட்சியைப் பாருங்கள். கம்பிக்குள் கைதிகள், கம்பிக்கு வெளியே ஒரு நாய், அதன் வாயில் சாவிக்கொத்து. கைதி எலும்பைக் காட்டிக் கூப்பிடுகிறான். வசனமே தேவையில்லை.

வசனம் வைத்தே தீர வேண்டுமென்றால் மூன்று நான்கு விநாடிக்குள் ஒவ்வொரு வரியும் தனித்து நிற்கட்டும். ஒலி சுற்றிச் சுற்றி ஓடும். ஒவ்வொரு வண்டியும் ஏதோ ஒரு நடுவில்தான் நுழையும்.

அடுத்தது, காட்சியின் சிறு மாதிரி. 1:24 அளவில், அதாவது 24இல் ஒரு பங்காக, அட்டையில் காட்சியைக் கட்டி, சிறு கேமராவைத் தண்டவாளத்தில் தள்ளிப் பாருங்கள். உட்கார்ந்தவரின் கண் 1.2 மீட்டர் உயரம் என்றால், கேமரா 5 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். குழந்தைக்கு 4க்கும் கீழே. மேலிருந்து எட்டிப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள்.

நல்ல பாத்திரமும் நிற்கும் இடத்தால் தோற்கும். அதே டிஸ்னிலேண்டின் ‘ஹாண்டட் மேன்ஷன்’ என்ற பேய் வீட்டுச் சவாரி 1969இல் திறந்தபோது, பரணில் தொப்பிப் பெட்டியோடு ஒரு பேய் நின்றது. கழுத்தின்மேல் தலை மறைய வேண்டும், பெட்டிக்குள் தோன்ற வேண்டும். வண்டிகளோ மிக அருகில் போயின; சுற்றியிருந்த வெளிச்சத்தில் முகம் மறையவே இல்லை. சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். புதிய தொழில்நுட்பத்தோடு அது திரும்பி வந்தது 2015இல்!

இன்னொன்று, பொம்மைக்கு உடை தைக்கும் தையல்காரரை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். 12 விநாடிக்கு ஒருமுறை கையைத் தூக்கும் பொம்மை, 12 மணி நேரத்தில் 3,600 முறை தூக்கும். முழங்கையில் இரும்பு உரசித் துணி கிழியும். கழுத்தில் சிலிக்கோன் தோல் பிளக்கும். முதுகில் ஜிப் வைக்க இடமில்லாமல் வடிவமைத்துவிட்டால், ஒரு சட்டையை மாற்றக் கையையே கழற்ற வேண்டியிருக்கும்.